கோப்பு கையில் இருக்கிறதே, அப்புறம் சிலை எதற்கு?

பூர்வகுடி மக்கள் தங்கள் சிற்பம் ஒன்றை அருங்காட்சியகத்திடம் திருப்பிக் கேட்கிறார்கள் என்று செய்தி வந்தால், கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. இப்போதுதான் எதையும் முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்துவிடலாமே, அதை அச்செடுத்து அனுப்பினால் போதாதா, இல்லாவிட்டால் மெய்நிகர் உலகத்தில் வைத்துவிட்டால் உலகமே பார்க்குமே என்கிறார்கள். அதே நேரம் வேறொரு செய்தியும் வருகிறது: பூர்வகுடிக் கலைஞர்களே கணினிக்குள் சிற்பம் செய்கிறார்கள், சில குலங்கள் தாங்களே ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்கின்றன. அப்படியானால் இவர்களுக்குத் தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா?

இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று முட்டவில்லை. உருவத்தை நகலெடுக்க முடியும் என்பது ஒரு விஷயம், அந்த உருவத்தின் மேல் யாருக்கு என்ன உரிமை, என்ன உறவு என்பது வேறு விஷயம். முதலாவதைக் கருவி தீர்த்து வைக்கும். இரண்டாவதை அந்தந்த மக்கள்தான் தீர்மானிக்க முடியும், அதுவும் ஒவ்வொரு மக்களும் வேறு வேறு விதமாகத் தீர்மானிக்கிறார்கள்.

முதலில் சில சொற்கள்

1. ஃபோட்டோகிராமெட்ரி: ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, அந்தப் படங்களை ஒப்பிட்டுக் கணினி அதன் வடிவத்தைக் கணக்கிடுவது. லேசர் ஸ்கேன் என்பது ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, பரப்பில் உள்ள புள்ளிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளப்பது. பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

2. மெஷ்: அளந்த புள்ளிகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக இணைத்த வலை. நாம் திரையில் பார்க்கும் "சிலை" இந்த வலையும் அதன் மேல் போர்த்திய படமும்தான், உள்ளே ஒன்றும் கிடையாது.

3. சிஎன்சி: கோப்பில் இருக்கும் வடிவத்தைப் பார்த்து மரத்தையோ கல்லையோ தானாகக் குடையும் இயந்திரம். முப்பரிமாண அச்சு இதற்கு நேர்மாறு. அது குடையாது, படலம் படலமாகச் சேர்த்துக்கொண்டே போகும்.

4. மெய்நிகர் உலகம்: பலர் ஒரே நேரத்தில் அவதார் உருவத்தில் நடமாடும் கணினி இடம். 2003-ல் தொடங்கிய செகண்ட் லைஃப் இதில் பழையது, இன்னும் இயங்குகிறது.

5. மிகை மெய்ம்மை: நாம் நிற்கும் நிஜ இடத்தின் மேலேயே, கைப்பேசித் திரை வழியாகவோ கண்ணாடி வழியாகவோ, இல்லாத பொருளைக் காட்டுவது.

ஸ்கேன் எதை எடுக்கிறது, எதை விடுகிறது

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் பேச்சு தெளிவாகும். வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் செய்யப்படும் ஒரு குலத்தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி என்றதும் துணியை நினைக்க வேண்டாம். மரத்தில் செதுக்கிய ஒரு விலங்கின் உருவம் அது, ஆடும்போது தலையில் வைத்துக்கொள்வார்கள். மரத்தின் மேல் வண்ணம் இருக்கும், கண்ணுக்கும் பல்லுக்கும் சிப்பி பதித்திருப்பார்கள், தோலும் முடியும் தொங்கும்.

மரப்பகுதி ஸ்கேனில் அற்புதமாக வரும், உளி பட்ட தடம்கூட விழும். சிப்பிக்கு வந்தால் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு கோணத்திலிருந்தும் ஒவ்வொரு நிறமாகப் பளபளப்பதால் எது நிஜப் பரப்பு, எது பிரதிபலிப்பு என்று மென்பொருளுக்குப் பிடிபடாது, அங்கே மேடும் பள்ளமுமாகக் குழம்பிப்போகும். முடியும் மென்மயிர்த் தோலும் இன்னும் மோசம், ஒவ்வொரு இழையும் அளக்க முடியாத அளவுக்கு மெல்லியது என்பதால் மொத்தமும் ஒரு கட்டியாக வரும். அதை அப்புறம் ஒருவர் உட்கார்ந்து கையால் சரிசெய்தாக வேண்டும், அதாவது ஊகிக்க வேண்டும். "அப்படியே துல்லியமான நகல்" என்று செய்தியில் படிக்கும்போது, அதில் ஒரு பகுதி யாரோ ஒருவரின் ஊகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கோப்புக்குத் தெரியாத இன்னொன்று மரத்தின் இழையோட்டம். மெல்லிய துடுப்பையோ வாலையோ செதுக்கும் சிற்பி, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் கட்டையையே தேர்ந்தெடுப்பார். குறுக்கே ஓடினால் ஒரு தட்டுக்கு ஒடிந்துவிடும். கோப்பில் வடிவம் மட்டும்தான் இருக்கிறது, இந்தத் தேர்வு இல்லை. இயந்திரத்தை இயக்குபவர் அதை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். மெய்நிகர் உலகத்துக்குப் போனால் எடையும் போய்விடுகிறது, கழுத்து வலிக்கும்வரை சுமந்து ஆடுவது என்ற அனுபவமும் போய்விடுகிறது. அங்கே வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக இலட்சக்கணக்கான முக்கோணங்களைச் சில ஆயிரமாகக் குறைப்பார்கள், உளித்தடங்கள் வெறும் நிழல் படமாகத் தட்டையாகிவிடும்.

ஒரே இயந்திரம், இரண்டு தொப்பிகள்

இந்த விவகாரத்தை முழுசாகப் புரிய வைக்கும் கதை அலாஸ்காவின் ட்லிங்கிட் மக்களிடம் இருக்கிறது.

டாக்லவெய்டி குலத்துக்குச் சொந்தமான கொலைகாரத் திமிங்கிலத் தொப்பி பல ஆண்டுகள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் என்ற பெரிய அருங்காட்சியக நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது. 1990-ல் வந்த நாக்ப்ரா என்ற திருப்பித் தரும் சட்டம், அமெரிக்க அரசு நிதி பெறும் அருங்காட்சியகங்கள் பூர்வகுடியினரின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் திருப்பித் தர வழிசெய்தது. ஸ்மித்சோனியனுக்கு அதேபோல் தனிச் சட்டம் உண்டு. 2005-ல் தொப்பி குலத்திடம் திரும்பியது. அதன் பிறகுதான், குலத்தின் சம்மதத்தோடும் பங்கேற்போடும், அதை ஸ்கேன் செய்து இயந்திரத்தில் மரத்தைக் குடைந்து வண்ணம் பூசி 2012-ல் ஒரு நகலைச் செய்தார்கள். அந்த ஆண்டே அலாஸ்காவின் சிட்கா நகரில் அசலையும் நகலையும் ஒன்றாக அணிந்து ஆடினார்கள். நகல் ஸ்மித்சோனியனுக்குப் போனது, இன்றும் அது கல்விக்காக அங்கே இருக்கிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் அசல் வீடு திரும்பியது, நகல் அருங்காட்சியகத்துக்குப் போனது. நாம் வழக்கமாக நினைப்பதற்குத் தலைகீழ்.

அந்த நகலைக் குலம் எப்படிப் பார்க்கிறது? அது மரியாதைக்குரிய ஆட்ட அணி, ஆனால் அட்டூவ் அல்ல. அட்டூவ் என்பது ட்லிங்கிட் சொல். ஒரு குலம் தன் முன்னோர் வழியாக விலை கொடுத்துப் பெற்ற உடைமை என்று அதற்குப் பொருள் சொல்லலாம், பெரும்பாலும் அந்த விலை ஓர் உயிராக இருக்கும். பொருள், கதை, பாட்டு, பெயர் எல்லாமே அட்டூவ் ஆகலாம். ஒரு மரத்தொப்பி செதுக்கி முடித்த உடனே அட்டூவ் ஆகிவிடுவதில்லை. ட்லிங்கிட் சமூகம் காகம், கழுகு என இரண்டு பாதிகளாகப் பிரிந்தது. வழக்கப்படி ஒரு குலத்தின் சின்னத்தை எதிர்ப்பாதியைச் சேர்ந்தவர்கள்தான் செய்ய வேண்டும், விருந்து வைத்து அவர்களுக்கு ஊரறிய ஈடு கொடுக்க வேண்டும், எதிர்ப்பாதி சாட்சியாக நிற்க வேண்டும். அப்போதுதான் அது குலப்பொருள்.

இப்போது இரண்டாவது தொப்பி. கிக்ஸாடி குலத்தின் ஸ்கல்பின் மீன் தொப்பி 1880-களிலேயே ஸ்மித்சோனியனுக்குப் போனது. காலப்போக்கில் உடைந்து, தலையில் வைக்கவே முடியாத நிலை. உடைந்ததை ஸ்கேன் செய்து, கணினியில் உருவத்தைச் சீராக்கி, அதிலிருந்து புதுத்தொப்பி ஒன்றை இயந்திரத்தில் குடைந்தார்கள். 2019-ல் அலாஸ்காவில் இரண்டு பாதிகளும் கூடியிருக்க, சடங்கு செய்து அந்தப் புதுத்தொப்பியைக் குலத்துக்கு அர்ப்பணித்தார்கள். அது அட்டூவ் ஆனது.

ஒரே நிறுவனம், ஒரே வகை ஸ்கேனர், ஒரே வகை இயந்திரம். ஒன்று கல்விப் பொருள், மற்றொன்று புனிதப் பொருள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோப்பில் தேடினால் கிடைக்காது. இந்த இடம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

ட்லிங்கிட் குலங்கள் ஸ்கேனை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1944-ல் ஹூனா என்ற ஊர் தீப்பிடித்து எரிந்தபோது தலைமுறை தலைமுறையாக வந்த குலப்பொருள்கள் சாம்பலாயின. அப்படி ஒன்றை இழந்தவர்களுக்கு, எங்கோ பத்திரமாக ஓர் அளவு இருக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

நகலே கூடாது என்பவர்கள்

சரி, ட்லிங்கிட் வழி எல்லோருக்கும் பொருந்துமா? பொருந்தாது.

நியூ மெக்சிகோவின் ஸூனி மக்கள் அஹயூடா எனப்படும் மரத்தெய்வ உருவங்களைச் செதுக்கித் திறந்தவெளிக் கோயில்களில் வைப்பார்கள். அவை மழையிலும் வெயிலிலும் மட்கி மண்ணோடு சேர வேண்டும், அப்படிச் சேர்வதுதான் அவற்றின் வேலை. அருங்காட்சியகங்கள் அவற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பூச்சி அரிக்காமல் பாதுகாத்தன. பாதுகாத்ததே தவறு என்பதுதான் ஸூனியின் வாதம். 1978-ல் தொடங்கி அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள், நாக்ப்ரா வருவதற்கு முன்பே பல திரும்பிவிட்டன. நகலைப் பற்றி அவர்கள் சொன்னது அதைவிட முக்கியம். வெளியார் செய்த நகலிலும் அந்த உருவத்தைச் செய்யும் அறிவு அடங்கியிருக்கிறது, ஆகவே நகலும் அசலைப் போலத்தான் நடத்தப்பட வேண்டும் என்றார்கள். இப்படிப் பார்க்கும் மக்களிடம் போய் "ஸ்கேனை மட்டும் வைத்துக்கொள்கிறோம்" என்றால் அது சமரசம் ஆகாது.

கனடாவின் பசிபிக் கடற்கரையில் வாழும் க்வாக்வகவாக் மக்களிடம் இன்னொரு விதம். அவர்களின் தலைவரும் சிற்பியுமான போ டிக், 2012-ல் ஒரு கலைக்கூடத்தில் மாட்டியிருந்த தன் 40 முகமூடிகளை எடுத்துக்கொண்டு போய், ஊரில் ஆடி, சடங்காக எரித்தார். அந்த வகை முகமூடிகள் குறிப்பிட்ட முறை ஆடியபின் எரிக்கப்பட வேண்டும், பின் மறுபடி செதுக்க வேண்டும். எரிப்பதால்தான் அடுத்த தலைமுறைக்குச் செதுக்கும் கடமை வருகிறது. அழியவே அழியாத ஒரு கோப்பு இந்தச் சுழற்சியை நிறுத்திவிடக்கூடும். கனடா அரசு 1885 முதல் 1951 வரை ஆட்டமும் பரிசளிப்பும் சேர்ந்த போட்லாட்ச் என்ற சடங்கு விருந்துகளையே சட்டப்படி தடைசெய்து முகமூடிகளைப் பறித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எதை வைத்திருக்கலாம் எதை எரிக்கலாம் என்று தாங்களே முடிவு செய்வது அவர்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

கணினிக்குள்ளேயே பிறக்கும் சிற்பம்

இதுவரை பார்த்தது நிஜத்திலிருந்து கணினிக்குப் போகும் பாதை. எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது, எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை.

மோஹாக் பூர்வகுடியைச் சேர்ந்த கலைஞர் ஸ்கவெனாட்டியும் ஜேசன் எட்வர்ட் லூயிஸும் மான்ட்ரியலின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு அப்டெக் என்ற ஆய்வுக்குழுவைத் தொடங்கினார்கள். பெயரின் பொருள், சைபர்வெளியில் பூர்வகுடி நிலப்பகுதிகள். 2008-ல் செகண்ட் லைஃபில் அவர்கள் ஒரு தீவை அமைத்தார்கள். ஸ்கவெனாட்டி அங்கே உடைகள், அணிகள், கட்டடங்கள், மனிதர்கள் எல்லாவற்றையும் உருவாக்கி, அந்த உலகத்துக்குள்ளேயே படம்பிடித்துத் தொடர் எடுத்தார். இப்படி விளையாட்டு உலகத்தில் எடுக்கும் படத்துக்கு மெஷினிமா என்று பெயர். அங்கே செய்ததை மறுபடி அச்சுப்படங்களாகவும் உடைகளாகவும் கண்காட்சிக் கூடத்துக்குக் கொண்டுவருகிறார். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் எப்போதும் இறந்தகாலத்திலேயே நிறுத்தப்படும் மக்கள், எதிர்காலத்தில் என்ன அணிவார்கள், எதைச் செதுக்குவார்கள் என்று அவர்களே செய்து காட்டும் இடம் அது.

ஹெய்ல்ட்சுக் பூர்வகுடியைச் சேர்ந்த கலைஞர் ஷான் ஹன்ட் வேறு வழியில் போனார். வடமேற்குக் கடற்கரையில் உருமாறும் முகமூடி என்று ஒன்று உண்டு. கயிற்றை இழுத்தால் வெளிமுகம் திறந்து, உள்ளே இன்னொரு முகம் தெரியும். அவர் காகத்தின் உருவில் அப்படி ஒரு முகமூடியை முப்பரிமாண அச்சில் செய்து, உள்ளே ஹோலோலென்ஸ் என்ற மிகை மெய்ம்மைக் கண்ணாடியைப் பொருத்தினார். மாட்டிக்கொள்பவர் முதலில் பார்வையாளர், முகமூடி திறந்ததும் வேறு உலகத்தைப் பார்ப்பவர். உருமாற்றம் என்ற பழைய கருத்துக்குக் கருவி வேலை செய்கிறது, கருவியைக் காட்டுவதற்காகக் கருத்து வளைக்கப்படவில்லை.

மோஹாக் கலைஞர் ஆலன் மிக்கல்சன் 2019-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகக் கூடத்தில் மிகை மெய்ம்மையால் ஒரு புகையிலைத் தோட்டத்தை நிறுத்தினார். திரையைப் பிடித்தால் செடிகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும். அந்தப் பகுதிக்கு அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான லெனாபே மக்கள் வைத்திருந்த பெயர் புகையிலைத் தோட்டம் என்று பொருள்படும். இந்தப் படைப்பை வேறு நகரத்தில் திறந்தால் செடி தெரியும், அர்த்தம் தெரியாது. எடையே இல்லாத ஒரு சிற்பம் நிலத்தோடு இவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட முடியும் என்பது, மெய்நிகர் என்றால் இடமற்றது என்ற நம் எண்ணத்தைக் கலைக்கிறது.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. செகண்ட் லைஃபில் இருக்கும் தீவு ஒரு தனியார் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, அதற்கு வாடகை கட்ட வேண்டும். நிறுவனம் கதவை மூடினால் தீவு மூழ்கிவிடும். கட்டியதை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்தும் வேலை இத்தகைய கலைஞர்களுக்குக் கூடுதல் சுமை.

சட்டம் எங்கே நிற்கிறது

1. பழைய சிற்பத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. காப்புரிமை ஒரு படைப்பாளியின் பெயரையும் ஆயுளையும் வைத்து எண்ணப்படுகிறது. பெரும்பாலான நாடுகளில் அவர் இறந்து 50 அல்லது 70 ஆண்டுகள். குலம் என்ற படைப்பாளி இறப்பதில்லை என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

2. ஸ்கேனுக்கும் பல இடங்களில் காப்புரிமை கிடையாது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2008-ல், கார்களின் முப்பரிமாண மாதிரிகள் பற்றிய வழக்கில், உள்ளதை உள்ளபடி நகலெடுத்த மாதிரியில் புதுப்படைப்பு எதுவும் இல்லை என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 விதியும், பொதுவுடைமையான காட்சிக்கலையின் வெறும் நகலுக்குப் புது உரிமை கிடையாது என்கிறது. பொதுவாக இது நல்ல விதி, அருங்காட்சியகங்கள் பழைய ஓவியங்களைப் பூட்டிவைக்க முடியாது. ஆனால் அதே விதி புனிதச் சிற்பத்தின் கோப்பையும் யார் வேண்டுமானாலும் பதக்கமாகவும் விளையாட்டுப் பாத்திரமாகவும் விற்க வழிவிடுகிறது.

3. போலிக்கு எதிரான சட்டம் ஓரளவு உண்டு. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்பதைத் தண்டிக்கிறது. ஆனால் "அவர்கள் பாணியில்" என்று போட்டு விற்றால் பிடிப்பது கடினம். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் கலை என்று விற்கப்படும் நினைவுப் பொருள்களில் பாதிக்கு மேல் போலி என்று அந்நாட்டு அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-ல் சொன்னது. கோப்பு ஒன்று கையில் கிடைத்தால் போலி செய்பவருக்குச் செதுக்கத் தெரிந்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

4. 2007-ன் ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனம், 31-ஆம் பிரிவில், பண்பாட்டு மரபின் மேல் அந்த மக்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்கிறது. பிரகடனம் என்பதால் அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் ஜெயிப்பது சிரமம்.

5. நாக்ப்ராவின் புதிய விதிகள் 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தன. காட்சிக்கு வைப்பதற்கும் ஆய்வு செய்வதற்கும் முன்கூட்டியே சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் பல கூடங்கள் பெட்டிகளைத் துணியால் மூடியது இதனால்தான். ஆனால் சட்டம் பொருளைக் குறிவைத்து எழுதப்பட்டது, ஏற்கெனவே நூறு கணினிகளில் பரவிவிட்ட கோப்பைத் திரும்ப வாங்க அதில் வழி இல்லை.

நகலைக் கொடுத்து அசலை வைத்துக்கொள்வது

ஈஸ்டர் தீவு என்றும் அழைக்கப்படும் ராப்பா நூயி தீவின் ஹோவா ஹக்கனனையா சிலை 1868-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏற்றப்பட்டது, 2.42 மீட்டர் உயரம், இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கிறது. அதன் முதுகில் இருக்கும் செதுக்கல்களைக் கணினி உதவியால் மிக நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார்கள், வெறும் கண்ணுக்குத் தெரியாத கோடுகள்கூடத் தெளிந்தன. ஆராய்ச்சிக்கு அது பெரிய லாபம். 2018-ல் தீவிலிருந்து ஒரு குழு லண்டனுக்குப் போய்ச் சிலையைக் கேட்டது. அவர்கள் பக்கத்திலிருந்து வந்த யோசனை என்ன தெரியுமா? நாங்கள் ஒரு நகலைச் செதுக்கித் தருகிறோம், நீங்கள் அதை வைத்துக்கொண்டு அசலைக் கொடுங்கள். பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் என்றால் நகல் போதும் என்ற வாதம் உண்மையானால், அது லண்டனுக்கும் பொருந்த வேண்டுமே. சிலை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கனடாவின் ஹைஸ்லா மக்கள் இதைச் செய்தே காட்டினார்கள். பெரியம்மையில் குடும்பத்தை இழந்த தலைவர் ஒருவர் 1872-ல் நிறுத்திய ஒன்பது மீட்டர் நினைவுக்கம்பம், 1929-ல் வெட்டப்பட்டு ஸ்வீடனுக்குப் போனது. ஹைஸ்லா சிற்பிகள் இரண்டு நகல்களைச் செதுக்கினார்கள், ஒன்று கம்பம் முன்பு நின்ற இடத்துக்கு, இன்னொன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்துக்கு. 2006-ல் அசல் திரும்பியது. நடுவில் பேச்சு இழுத்ததற்கு ஒரு காரணம், தட்பவெப்பம் கட்டுப்படுத்திய கட்டடத்தில்தான் அதை வைக்க வேண்டும் என்று ஸ்வீடன் பக்கம் கேட்டது. கம்பம் ஒருநாள் சாய்ந்து மட்கிப் போக வேண்டியது என்பது ஹைஸ்லா வழக்கம்.

கோப்போடு விதியையும் அனுப்புவது

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் சிலர் வேறு வேலை பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து 2007-ல் உருவான முக்குர்த்து என்ற மென்பொருள், படத்தையோ கோப்பையோ யார் திறக்கலாம் என்பதை அந்தச் சமூகத்தின் வழக்கப்படியே அமைக்கவிடுகிறது. குறிப்பிட்ட குடும்பம் மட்டும், பெண்கள் மட்டும் என்று வரம்பு வைக்கலாம். லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ் என்ற அமைப்பு மரபறிவு முத்திரைகளை உருவாக்கியிருக்கிறது: இது குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் பார்க்க வேண்டியது, இது வணிகத்துக்கு அல்ல, இது புனிதமானது என்று கோப்பின் மேலேயே ஒட்டுவது. முத்திரைக்குச் சட்ட பலம் இல்லை. ஆனால் அருங்காட்சியகத்தின் தகவல் பட்டியலில் அது ஏறிவிட்டால், "தெரியாமல் எடுத்துவிட்டோம்" என்று யாரும் சொல்ல முடியாது.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால் பார்க்க வேண்டியவை இவை:

1. ஸ்கேன் எடுக்கச் சொன்னது யார், அந்த மக்களா அருங்காட்சியகமா?
2. அசல் இப்போது யாரிடம் இருக்கிறது?
3. கோப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது, அழிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு?
4. நகல் ஆடப் போகிறதா, அலமாரிக்குப் போகிறதா, விற்பனைக்குப் போகிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான செய்திகளில் பதிலே இருக்காது. ஒரு சிற்பம் கப்பலில் ஏறி ஊர் திரும்பும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும், அதன் கோப்பு எந்தக் கணினியில் தங்கிவிட்டது என்று கேட்க இப்போதைக்கு அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்.